நிற்கிற காரில் பெசன்ட் நகர்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் ஆளைத் தின்கிறது. இட்லி மாவு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதிவைக்கிறேன்: இன்று எட்டு மணிக்கு நைட்டியோடு, தோளில் துண்டு, வாயில் பேஸ்ட் நுரை, ஒரு காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். எதிர் ஃபிளாட் பால்கனியில் மூன்று பேர். ஒருவர் கையில் செல்போன். படம் மங்கலாக விழுந்திருக்கட்டும், பிள்ளையாரப்பா.

காரணம், முதல் மாடி சங்கரபாண்டி அண்ணாச்சி. எண்பதைத் தாண்டியவர். தி.நகர் ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்கள் ஆர்.ஏ.புரம் குடியிருப்புக்கு முதல் ஆளாக வந்தவர். ஒரு வருஷமாக மறதி. சாப்பிட்ட கை காயுமுன் மறுபடி சாப்பாடு கேட்கிறார். என்னை என் மாமியார் பெயரால் கூப்பிடுகிறார் (இதைத்தான் மன்னிக்க முடியவில்லை). போன மாதம் காரை எடுத்து கேட் தூணில் இடித்தார். துணி தேய்ப்பவர் ஒரு சாண் தள்ளி நின்றதால் பிழைத்தார். இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. சாவியை வாங்கப் பார்த்த மகனிடம், "அத எடுத்தா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரு" என்று சொல்லி இரண்டு நாள் பட்டினி. அதிலிருந்து சாவி அவர் இடுப்பிலேயே.

இன்று வாட்ச்மேன் டில்லி கத்தினான். "யக்கா! அண்ணாச்சி சாவியோட எறங்கிக்கினு கீறாரு!" ஓடினேன். நின்றேன். வாயில் வந்தது இதுதான்: "அண்ணாச்சி, ராகு காலம்!"

வாட்சைப் பார்த்தார். "ஆமால்லா. திங்கக்கிழம." படியேறிவிட்டார்.

நிஜமான ராகு காலம். என் வாயிலிருந்து வரும் உண்மைகளில் அபூர்வ ரகம்.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். பதினொரு மணிக்கு மறுபடி சாவியோடு அண்ணாச்சி. செவ்வாய்க்கு ராகு காலம் மூன்று மணிக்குத்தான். அதனால் வெள்ளிக்கிழமை ஆக்கிவிட்டேன். "வெள்ளி பத்தரைலேருந்து பன்னண்டு, அண்ணாச்சி." நம்பினார். மாலை ஐந்துக்கு வந்தார். ஞாயிறு. அதையும் நம்பினார்.

டில்லிக்கும் கிழமைவாரியாக ராகு காலம் சொல்லிக்கொடுத்தாயிற்று. "அப்பிடியே ஒண்ணாந்தேதியையும் இப்பவே வர வெய்யிக்கா" என்கிறான்.

அண்ணாச்சியின் மனைவி கோமதி ஆச்சி பால்கனியில் நின்று சிரிக்கிறார். என் மூளையை மெச்சுகிறார் போல.

ஜூன் 12, வியாழன்

வெட்கம்.

ஒன்பது மணிக்கு வந்தவரிடம் சனிக்கிழமை என்றேன். போனார். பத்தே நிமிஷத்தில் கீழே சத்தம். டில்லியிடம் பேப்பரை ஆட்டுகிறார். "என்ன வே, சனிக்கிழமயும் அதுவுமா வியாழக்கிழமப் பேப்பரக் குடுக்கீரு?"

டில்லி என்னைப் பார்க்கிறான். அண்ணாச்சியும் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு புள்ள. எனக்குத்தான் ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. நீ சொன்னாச் சரியா இருக்கும்."

அச்சடித்த பேப்பரை விட்டுவிட்டு என்னை நம்புகிறார். என்னை! சரியான கிழமை அவர் கையிலேயே இருந்தது. பிடுங்கியது நான்.

"வியாழன்தான் அண்ணாச்சி. தப்பு என்னோடது."

முகம் மலர்ந்தது. "அப்ப ராகு காலம் இல்லல்லா? வண்டிய எடுப்போம்."

உண்மை பேசினால் இப்படித்தான். யோசிக்க நேரமில்லை. "அண்ணாச்சி, எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுங்க."

குடியிருப்பில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பத்து வருஷம் முன்பு என்னை மட்டும் மூன்றாம் நாளே கைகழுவினார். அது இப்போது அவருக்கு ஞாபகமில்லை. வாழ்க!

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவரே என்னிடம் நீட்டினார். இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். அவருடைய சட்டம்: முதல் நாள் இஞ்சினைத் தொடக்கூடாது. காலும் கண்ணும் மட்டும் பழக வேண்டும். கார் நின்ற இடத்திலேயே நிற்க, அவர் வாயாலேயே ஓட்டம். "அடையாறு பாலம் வருது, கியர மாத்து. சிக்னல்! பிரேக்க அமுக்கு. கண்ண மூடாத புள்ள!"

வியர்த்துவிட்டது எனக்கு. முடிந்ததும் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. (இறங்கியது. ரசம் வரை.)

ஜூன் 14, சனி

நிஜச் சனி. வெற்றி, வெற்றி!

நேற்றைய பாடம் அவருக்கு நினைவில்லை. அதனால் தினமும் முதல் நாள். முதல் நாள் என்றால் இஞ்சினைத் தொடக்கூடாது! நேற்று கோட்டூர்புரம். இன்று நொச்சிக்குப்பம். "மீன் வாங்க ரோட்டுல நிப்பாவ. ஹார்ன் அடிக்காத. அவியளே வழி விடுவாவ." மீன் வாசனையே வந்தது. (மூன்றாம் மாடி சமையல்.)

தெரு ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. மாலை இரண்டாம் ஆட்டம், பெசன்ட் நகர். படியேறும்போது ஆச்சியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "கடக்கர வர போயிட்டு வந்தோம். புள்ளைக்குக் கால் நல்லாப் பழகிருச்சு." இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டாராம். பரிசாக எனக்கு ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் சொதி வந்தது. என் வீட்டுக்காரர் பாதியைக் காலிசெய்துவிட்டு, "பெட்ரோல் இல்லாம ஊர் சுத்தற ஒரே ஆள் நீதான்" என்கிறார். பொறாமை.

மகன் தோற்றார், டாக்டர் தோற்றார். நான் ஜெயித்தேன். ஊர் முழுக்கப் போனில் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

மேகம். தூறல் என்று சொல்லவே கூச்சமான நாலு சொட்டு.

பத்து மணி, பாடம். மந்தைவெளி தாண்டியதும் அண்ணாச்சி சட்டென்று, "சரி. ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

எதிரே துணி தேய்ப்பவர், குனிந்து இஸ்திரி போட்டபடி. மாட்டேன் என்றால் அவரே இந்தப் பக்கம் வந்து உட்காருவார். பிரேக்கில் உடம்பு முழுவதையும் வைத்துச் சாவியைத் திருகினேன்.

சத்தமே இல்லை.

"கிளட்ச்ச முழுசா அமுக்கல நீ. நாளைக்கு மொதல்லேருந்து." திருப்தியாக இறங்கிப் போய்விட்டார். சாவி என் கையில். கேட்கவே இல்லை!

இரண்டிரண்டு படியாகத் தாவினேன். "ஆச்சி! சாவி வந்துருச்சு! இனி பயமே இல்ல!"

ஆச்சி சாவியை ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டுக் காபி கொடுத்தார். "பயம் என்னத்துக்கு? தூண்ல இடிச்ச அன்னைக்கே மெக்கானிக்க வரச்சொல்லி பேட்டரியக் கழட்டியாச்சுல்லா."

ஆச்சி கை காட்டிய பக்கம் குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், சாக்கு சுற்றி, பேட்டரி.