முறுக்கு எண்ணெயில் ஓடிய வேன்

பாய்,

இன்று காலை உன் வீட்டுக் கொட்டகையில், வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு நாம் பொருத்திய இரண்டாவது டேங்கைக் கழற்றத் தொடங்கினேன். மூடியைத் திறந்ததும் முறுக்கு வாசனை வந்தது. இரண்டு வருடம் அடைந்து கிடந்த எண்ணெய், சிக்கேறியிருந்தது. ஆனாலும் உன் அடுப்படி வாசனைதான். வேனை வாங்கப் போகிறவருக்கு டீசலில் மட்டும் ஓடினால் போதுமாம். கழற்றித் தர முடியுமா என்று உன் மனைவி போனில் கேட்டாள். வேறு யாரையாவது கூப்பிடு அம்மிணி என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. "வாரேன்" என்றேன்.

போர் போடும் ரிக் வண்டிகளோடு வடக்கே சுற்றிவிட்டு வந்து, வெண்ணந்தூரில் நான் பட்டறை போட்ட புதிது. ஆட்டையாம்பட்டியிலிருந்து நீ இந்த வேனை பிரேக் பார்க்கக் கொண்டுவந்தாய். வேலை முடிந்தும் போகாமல் நின்றுகொண்டிருந்தாய்.

"மாப்ளே, டீசல் இஞ்சின் சமையல் எண்ணெயிலயும் ஓடுமாமே. நெசமா?"

"ஓடும். எதுக்குக் கேக்கறே?"

உன் கடையில் முறுக்கு சுட்டு மிச்சமாகும் எண்ணெயை வாராவாரம் ஒருவர் வாங்கிப் போவாராம். சோப்புக்கு என்றுதான் சொல்லியிருந்தார். அது தள்ளுவண்டிகளுக்குப் போய் மறுபடியும் போண்டா சுடுகிறது என்று உனக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. "நான் கழிச்சு விட்டதைக் கொண்டுபோய் இன்னொருத்தன் வயித்துல ஊத்தறாங்க. எனக்குச் சோறு இறங்கல" என்றாய். நீ அவருக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டாய். டிரம் டிரம்மாகச் சேர்ந்ததை என்ன செய்வதென்றுதான் என்னிடம் வந்திருக்கிறாய்.

ஒரு மாதம் அதே வேலையாக இருந்தோம். எண்ணெயைக் காய்ச்சித் தண்ணீரைப் போக்கினோம். நாள்கணக்கில் தெளிய வைத்தோம். குமாரபாளையத்திலிருந்து வாங்கி வந்த வேட்டித் துணியை நான்கு மடிப்பாகக் கட்டி வடிகட்டினோம். பின்னால் தனியாக ஒரு டேங்க் வைத்து, ரேடியேட்டரின் சுடுதண்ணீரை அதற்குள் செப்புக் குழாயில் சுற்றவிட்டு எண்ணெயை இளக்கினேன். டீசலுக்கும் எண்ணெய்க்கும் மாற்றிக்கொள்ள, சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வால்வு. டீசலில் கிளப்ப வேண்டும். சூடேறியதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் டீசலுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பாமாயில் குழாயிலேயே தங்கி, குளிரில் நெய் மாதிரி உறைந்துவிடும். மறுநாள் வண்டி கிளம்பாது.

முதல் மாதத்திலேயே நீ ஒரு தரம் மாற்ற மறந்தாய். கடை ஆட்கள் முன்னாலேயே உன்னைக் கிழித்தேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மண்டையில ஏறுச்சா? இதுகூட ஞாபகமில்லாதவனுக்கு எதுக்கு இந்த வேலை?" நீ அரைநாள் என் பக்கத்தில் நின்று குழாய்களைத் துடைத்துக் கொடுத்தாய். அதற்குப் பிறகு நீ ஒருபோதும் மறக்கவில்லை.

அந்த வேனில் எத்தனை ஊர் போனோம். திருச்செங்கோட்டுச் சாலையில் வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் பின்பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டு, "உள்ள அடுப்பு கிடுப்பு எரியுதாய்யா?" என்று கேட்டார். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தாய். அவர் அதை வாங்காமல் புகை வரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ராசிபுரம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழியில், மகளுக்குத் தையில் வைத்திருந்த நிச்சயத்துக்கு ஜவுளி எடுக்க உன் வேனை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். சாயங்காலம் திரும்பி வரும்போது தூறல். உன் வாசலில் நிறுத்தி இறங்குகிறேன், வெண்ணந்தூர் பஸ் வந்துகொண்டிருந்தது. "இரு மாப்ளே, மழை உடட்டும்" என்றாய். "பஸ்ஸை உட்டா அடுத்தது எப்பவோ" என்று சாவியை உன் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், வால்வை டீசலுக்கு மாற்றாதது ஞாபகம் வந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. எடுத்து உன் பேரைக்கூடத் தேடினேன். அன்றைக்கு உன்னை ஆட்கள் முன்னால் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. நீ கேலி செய்வாய் என்று கூச்சமாக இருந்தது. காலையில் நானே போய்ச் சரி செய்துவிடலாம் என்று போனை உள்ளே வைத்தேன். அவ்வளவுதான் பாய், நான் செய்தது.

விடிந்ததும் உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வாசலில் வேன் நிற்கும் தைரியத்தில் வேறு வண்டிக்குச் சொல்லாமல், நீயே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருக்கிறாய். திரும்பத் திரும்பத் திருப்பியிருக்கிறாய். இறங்கிப் போய் பானட்டைத் திறந்து, வலியோடு கையால் டீசல் பம்ப்கூட அடித்துப் பார்த்திருக்கிறாய். அப்புறம்தான் உன் மனைவி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒரு கால் மணி நேரம் முன்னாடி" என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். "வேனு ஏன் கிளம்பல?" என்று உன் மனைவியைக் கேட்டேன். எனக்குத் தெரிந்ததைத்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், "பேட்டரி போயிடுச்சுண்ணா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். உன் குழியில் மண் தள்ளும்போதும், பேட்டரியாகக்கூட இருக்கலாம் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு வேனைப் போய்ப் பார்க்கவில்லை. யாரோ கொட்டகைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

இன்று பார்த்தேன். வால்வு எண்ணெய்ப் பக்கமே இருந்தது.

கையைக்கூடக் கழுவாமல் உன் மனைவி முன்னால் போய் நின்றேன். "அம்மிணி, அது பேட்டரி இல்ல. நான்தான் வால்வை மாத்தாம உட்டுட்டுப் போனேன். பஸ்ஸுல போறப்பவே தெரியும். போன் பண்ணல."

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ணா. ஆட்டோவுல போறப்பவே அவரு சொன்னாரு. 'மாப்ள மறந்துட்டான் போல. கேட்டா பேட்டரின்னு சொல்லிடு. அவன் தாங்க மாட்டான்'னாரு. அதுக்கப்புறம் பேசல."

"என் மேல கோவம் இல்லியா அம்மிணி?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. நீங்க செஞ்சதுக்கு இல்ல. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு வருசமா பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு பெருநாளைக்கும் வந்து பிரியாணி சாப்பிட்டுட்டுப் போனீங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டேங்கை முழுசாக் கழட்டிட்டுப் போயிருங்கண்ணா. நாளைக்கு வண்டி எடுக்க வர்றாங்க" என்றாள். கழற்றினேன். டீசல் ஊற்றி, குழாய்களைச் சுத்தம் செய்து, என் பட்டறையிலிருந்து வேறு பேட்டரி கொண்டுவந்து போட்டேன். வண்டி கிளம்பியது.

உன் மனைவி சொன்ன அந்த வார்த்தைகளோடுதான் வீட்டுக்கு வந்தேன். இனி எங்கே போனாலும் அவை என்னோடு வரும். ஆட்டோவில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு இருந்த நீ, மிச்சமிருந்த மூச்சை எடுத்து எனக்காகப் பேசியிருக்கிறாய். அந்த மூச்சை உனக்கென்று வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா, பாய்?