பெஞ்சுக்கு அடியில் ஒரு வகுப்பு

அன்புள்ள அக்கா,

காலையில் யாரோ ஒருவரின் சவ ஊர்வலம் நம் பள்ளியைக் கடந்து போனது. வெடிமருந்து நெடி வகுப்புக்குள் புகுந்து இன்னும் போகாமல் நிற்கிறது. சுடுகாட்டுப் பாதையில் பள்ளிக்கூடம் கட்டியவரைத் திட்டாமல் நமக்கு ஒரு வாரமாவது கழிந்ததுண்டா?

பவித்ரா மூன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. வாணவெடிக் கொட்டகை தீப்பிடித்து அப்பா இறந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளை. வெளியே வேட்டு வெடித்தால் போதும், பெஞ்சுக்கு அடியில் பதுங்கிவிடுவாள். பாவாடை நனைந்துவிடும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். தலைமையாசிரியர், "எல்லாம் நடிப்பு டீச்சர். இன்னொரு தடவ இப்புடிப் பண்ணுனா டிசி குடுத்து அனுப்பிருவேன்" என்றார். அனுப்பிவிட்டால் அவளுடைய சித்தி வேறு பள்ளி தேடப்போவதில்லை. அவளை ஆடு மேய்க்கத்தான் விடுவாள்.

அடுத்த முறை வேட்டு வெடித்தபோது தலைமையாசிரியர் வகுப்பு வாசலிலேயே நின்றார். நான் கரும்பலகை ஓரமாகவே நின்றுவிட்டேன். நீங்களோ பக்கத்து வகுப்பிலிருந்து வந்து, கஞ்சி போட்ட புடவையோடு, அந்தக் கனத்த உடம்போடு, பெஞ்சுக்கு அடியில் அவள் பக்கத்தில் நுழைந்தீர்கள்.

"எல்லாரும் இங்கிட்டு வந்து கீழ உக்காருங்க. இன்னிக்குப் பாடம் இங்கதான்."

அவரிடம், "மொதல்ல பயம் எறங்கட்டும் சார். பாடம் எங்கிட்டும் ஓடிப்போகாது" என்றீர்கள். டிசி பேச்சு அன்றோடு நின்றது.

பிறகு நீங்களே போய்விட்டீர்கள், நெஞ்சுவலி என்று சொன்ன மறுநாளே. பள்ளியைத் தாண்டும்வரை மட்டும் வேட்டு வேண்டாமென்று உங்கள் கொழுந்தனாரிடம் கெஞ்சினேன்.

"வாழ்ந்த மனுசிய சத்தமில்லாமத் தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று கத்தினார். அவர் துக்கம் அவருக்கு. பெண்களெல்லாம் தெருமுனைவரை உங்கள் பின்னால் நடந்தார்கள். நான் வரவில்லை. பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், பள்ளிக்கு ஓடினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வேட்டு வெடித்தபோது நானும் பவித்ராவும் பெஞ்சுக்கு அடியில் இருந்தோம். பல் கிட்டிப்போய் நடுங்கினாள். ஊர்வலம் நெருங்க நெருங்கச் சத்தம் கூடியது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"பெரிய டீச்சரு தனியாப் போறாங்களே, பயப்பட மாட்டாங்களா?"

அவளே வெளியே வந்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசல்வரை போனாள். நீங்கள் கண்ணுக்கு மறையும்வரை நடுங்கிக்கொண்டே நின்றாள்.

உங்களுக்குத் துணைக்கு ஒருத்தி வந்தாள். இதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.