பாதி வெட்டிய மீன் கட்லட்

அன்புள்ள ரூபிகா அம்மாவுக்கு,

போனில் சொன்னால் இந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் மகள் காதில் விழும். அதனால் எழுதி, குவைத்துக்குத் திரும்பும் பிரியந்தியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பத்திரிகையில் சமையல் குறிப்பு வெட்டுகிறவள் அதை முழுசாக வெட்டக்கூடாதா? மீன் கட்லட் படத்தை ஓரம் பிசகாமல் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். செய்முறையோ "உருண்டைகளாகப் பிடித்து" என்பதோடு நிற்கிறது. மீதி அடுத்த பக்கத்தோடு குப்பைக்குப் போயிருக்கும்! பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டுமென்று ரூபிகா ஒற்றைக்காலில் நின்றாள். நானும் பிடித்த உருண்டைகளை அப்படியே எண்ணெயில் போட்டேன். எல்லாம் உடைந்து, சட்டி முழுக்க உருளைக்கிழங்கும் மீனும் மிதந்தன.

பக்கத்துக் காம்பரா அழகம்மா அக்கா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"முட்டையில முக்கி பாண் ரொட்டித் தூள்ல பொரட்டணும் தம்பி! இதுகூடத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் அங்கே யாரோ வீட்டுக்குச் சமைக்கிறாய். இந்தத் தீபாவளிக்கு வருவேன் என்றாய். இப்போது, மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார் என்கிறாய். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

மறுபடி பிசைந்து, அக்கா சொன்னபடியே பொரித்தேன். பொன்னிறமாக வந்தது. ரூபிகா தட்டைக் காலி செய்துவிட்டு, கை கழுவாமலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நல்லாருந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிராதீங்க. நாம சமாளிச்சுக்குவோம்னு நெனச்சு அங்கயே இருந்துருவாங்க."

ஆகவே உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், கட்லட்டை வாயில் வைக்க முடியவில்லை. பிள்ளை பட்டினி.

இப்படிக்கு,
உப்புப் போடக்கூடத் தெரியாத உன் வீட்டுக்காரன்