குளிர்காலக் காப்பகத்துக்கு ஒரு ஜோடி கையுறை

கோர்னா லெஸ்கா,
ஜனவரி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ராங்கெலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் அந்த இடத்தைப் பூட்டிவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

காலையில் ரேடியோவில் சொன்னார்கள். வீடில்லாதவர்கள் படுக்கும் காப்பகத்துக்கு நகரசபை இந்த மாதத்தோடு பணத்தை நிறுத்துகிறதாம். இனி மைனஸ் பத்துக்குக் கீழே போகிற ராத்திரிகளுக்கு மட்டும்தான் கொடுக்குமாம். மைனஸ் ஒன்பதில் மனுஷனுக்கு விறைக்காதா? இதற்குக் கை தூக்கி ஓட்டுப் போட்டவர்களை ஒரு ராத்திரி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுக்கவைக்க வேண்டும். போன வருஷம் அங்கே ஒருவனைக் காலையில் எழுப்பப் போய்... வேண்டாம், எழுதக் கை வரவில்லை.

நீ அந்தக் காப்பகத்தில் காவல்காரனாக இருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல வேலைதான். பக்கத்து வீட்டுக் கின்ச்சோ உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன்னைப் பார்த்தானாம், கையில் கிண்ணத்தோடு, காப்பகத்துச் சூப் வரிசையில். "காவக்காரனுக்கு வரிசையில என்ன வேலை?" என்று சிரித்தான். கூடவே நின்றால்தானே வரிசை கலையாமல் இருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கமில்லை.

வாசலை மிதிக்காதே என்று அன்று உன்னைப் பார்த்துக் கத்தினாரே அப்பா, அவர் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வழக்கப்படி ரொட்டியைப் பங்கு பிட்டார். வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. பிறகு இன்னொரு துண்டு பிட்டு நீ உட்காரும் இடத்தில் வைத்தார். இத்தனை வருஷமாக வைக்காதவர். "அவன் இருக்கற எடத்துல அடுப்பு எரியுதாமா?" என்று மட்டும் கேட்டார். எரிகிறது என்றேன். இன்று ரேடியோவை அணைத்துவிட்டுப் போய் உன் அறையில் அடுப்பு மூட்டியிருக்கிறார். அங்கே யாரும் படுப்பதில்லை. விறகு வீணாகிறது.

இத்துடன் கையுறை அனுப்புகிறேன். நீ இடது கைச் சுண்டுவிரலை மரம் அறுக்கும் மில்லில் பறிகொடுத்த நாளிலிருந்து அந்த விரல் இல்லாமல்தானே பின்னுகிறேன், இதுவும் அப்படித்தான்.

ஒரு உதவி செய், மகனே. காவல்காரனுக்கு அங்கே படுக்கிற எல்லோரையும் தெரிந்திருக்கும். பூட்டுவதற்கு முன்னால் அவர்களில் ஒருவனை நம் வீட்டுக்கு அனுப்பிவை. ஏன் வந்தாய், எப்படி இப்படி ஆனாய் என்று நாங்கள் கேட்கமாட்டோம். அப்பாவும் கேட்கமாட்டார். யாரை அனுப்புவது என்று குழம்பாதே. இந்தக் கையுறை எவன் கைக்குச் சரியாக இருக்கிறதோ, அவனை அனுப்பு.

தேவமாதா அவனுக்கு வழித்துணையாக இருக்கட்டும். சீக்கிரம் அனுப்பு, ராங்கெல். இன்று மைனஸ் ஒன்பது.

உன் அம்மா,
த்ஸோனா