தீருவின் கப்பல்கள் மேற்கே போகவில்லை

ஸிவ் மாதம், 3. மெம்பிஸ் படித்துறை
எகிப்து விழுந்த சூடு ஆறவில்லை. பாரசீக மன்னருக்கு அதற்குள் அடுத்த பசி. கப்பலின் அடிப்பலகையில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தபோது ஆணை வந்தது: மேற்கே கடல் கடந்து கார்த்தேஜைப் பிடிக்க வேண்டும், எங்கள் தீரு நகரத்துக் கப்பல்கள் முன்னால் போக வேண்டும்.

என் மகள் அரிஷாத்தைக் கட்டிக்கொடுத்த ஊர் கார்த்தேஜ். நான் போய் அவள் வீட்டுக்குத் தீ வைக்க வேண்டுமாம்.

4
என் கப்பலிலேயே துடுப்புப் போடுகிற மகன் மத்தான் கேட்டான்: "அப்பா, அக்கா வீடு துறைமுகத்துக்குப் பக்கத்துலதான?"

பாசியை இன்னும் அழுத்திச் சுரண்டினேன். முதல் அடியே அங்கேதான் விழும்.

6
கப்பல் தலைவர்கள் எல்லோரும் பக்கத்து நகரமான சீதோனைச் சேர்ந்த அப்தேஷ்முன் கப்பலில் கூடினோம். கார்த்தேஜ் நம் பிள்ளைகள் போய்க் கட்டிய ஊர். அதன்மேல் கை வைப்பதில்லை என்று மெல்கார்ட் சாமி முன்னால் சத்தியம் செய்தவர்கள் நம் முன்னோர்.

"மாட்டோம்னு சொன்னா தலை போயிடுமேண்ணே," என்றேன்.

"உன் தலைய வெச்சு அவன் என்னய்யா பண்ணப் போறான்? நாம இல்லன்னா அவங்கிட்ட ஏது கப்பல்? நாமளா வந்து சேர்ந்தவங்க, பிடிச்சுட்டு வந்த அடிமைங்க இல்ல," என்றார் அப்தேஷ்முன்.

எதையும் பேரமாகவே பார்க்கிற கூட்டம் நாங்கள். சரி என்றோம். எனக்கு நம்பிக்கை இல்லை.

9
பாரசீகத் தளபதியிடம் போய், கார்த்தேஜுக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். மொழிபெயர்த்தவனே பாதியை விழுங்கிவிட்டான்.

10
இன்னும் உயிரோடு இருக்கிறோம். ஏன்?

15
படையெடுப்பு இல்லை! நாங்கள் இல்லாமல் மற்றக் கப்பல்கள் எந்த மூலைக்கும் போதாதாம். "பாத்தியாய்யா, நான் சொல்லல?" என்று அப்தேஷ்முன் என்னைக் கட்டிப்பிடித்து ஆடினார். நான் அழுதேன். அரிஷாத் பிழைத்தாள்.

17
கப்பல் வேண்டாம், ஆள் வேண்டுமாம். படை தெற்கே கூஷ் நாட்டுக்கு நடக்கிறது. சும்மா நிற்கிற கப்பல்களில் இருக்கும் இளவட்டங்கள் மூட்டை சுமக்கப் போக வேண்டும்.

"கூஷ்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையே?" என்றான் தளபதி.

இதை ஒருவர்கூட யோசிக்கவில்லையே! கடலை விட்டால் வேறு எதுவும் தெரியாத மடையர்கள் நாங்கள்.

மத்தானைக் கூட்டிப்போனார்கள். "மண்ணுல கப்பல் கவுறாதுப்பா, பயப்படாத," என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

எத்தானிம் மாதம், 2
கூஷுக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். பாதிப்பேர்கூட இல்லை. வழியிலேயே தானியம் தீர்ந்ததாம். சுமைமாடுகளைத் தின்றார்களாம். புல்லைத் தின்றார்களாம். மணல்காட்டில் அதுவும் இல்லை. அப்புறம் பத்துப் பேருக்கு ஒருவர் என்று சீட்டுப் போட்டு — எழுத மாட்டேன்.

மத்தானோடு போனவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம் புள்ளைக்கு என்னடா ஆச்சு? வாயத் தெறந்து சொல்லுடா!"

"கேக்காதீங்கய்யா. என்னைக் கேக்காதீங்க."

ஐயோ, என் மகனே.

மறு வருடம், ஸிவ் மாதம், 20. தீரு
கார்த்தேஜிலிருந்து ஒரு கப்பல் வந்திருக்கிறது. அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தங்கள்மேல் ஒரு படை கிளம்ப இருந்தது என்பதுகூட.

அரிஷாத் அந்தக் கப்பலின் மாலுமி ஒருவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டாளாம். நல்ல இடமாம்.

"திரும்பும்போது அவரையும் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நாளைக்குக் கெளம்புறோம். தம்பி வர்றாரா, அக்காகிட்ட என்னன்னு சொல்லட்டும்?" என்றான் மாலுமி.

காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.