பெயர் வாசிக்காத பூசை

குருசுக்குப்பம்
19.4.2006

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு,

அக்கா மதலேன் எழுதுவது. நீ இந்தக் கோயிலுக்கே பங்குச்சாமியானாலும் எனக்குத் தம்பிதான். "ஓட்டு முடியிற வரைக்கும் அக்காவும் மாமாவும் பங்களாவுக்கு வர வேணாம்" என்று கோயில் உபதேசியாரிடம் சொல்லியனுப்பினாயாமே. போனும் எடுப்பதில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுத வைத்துவிட்டாய், நல்லாயிரு.

உன் மாமா தேர்தலில் நிற்பது பதவி ஆசையால் இல்லை. கடலோரத்தில் கல் கொட்டச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். போன மழையில் எங்கள் வரிசையில் கடைசி வீடு கடலோடு போனதை நீயே வந்து பார்த்தாய். "உன் தம்பி பிரசங்கத்துல ஒரு வார்த்தை சொன்னா போதும்டி, கோயில் ஓட்டு மொத்தமும் விழும்" என்கிறார். எனக்கும் கேட்கக் கூச்சம்தான். ஆனால் குருத்தோலை ஞாயிறன்று எதிர்த்து நிற்கும் கலியபெருமாள் ஒரு வண்டி ஓலை அனுப்பினதற்கு மைக்கில் பெயர் சொல்லி நன்றி சொன்னாயே, அது மட்டும் ஆகுமா?

முப்பதாம் தேதி அம்மாவின் நினைவு நாள். வழக்கம்போல் பூசையில் அம்மா பெயரையும், பூசை கொடுக்கிற எங்கள் பெயரையும் வாசி. பூசை முடிந்ததும் நாங்கள் வாசலில் நின்று மந்திரித்த ரொட்டி கொடுப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மதலேன்

*

பங்குச்சாமி பங்களா
21.4.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றி சொன்னேன், உண்மை. மறுநாளே கலியபெருமாளின் ஆட்கள் ஆட்டோவில் மைக் கட்டி, "சாமியாரே நம்ம பக்கம்" என்று தெருத்தெருவாகக் கத்தினார்கள். அன்றோடு எனக்குப் புத்தி வந்தது. ஓட்டு முடியும்வரை உயிரோடு இருக்கிற யார் பெயரையும் பீடத்திலிருந்து சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

எதுவார் மாமா நல்லவர். நானே அவருக்குத்தான் போடுவேனோ என்னவோ. ஆனால் அவருக்குப் போடுகிறவனும் கலியபெருமாளுக்குப் போடுகிறவனும் பூசையில் ஒரே வரிசையில் நின்று என் கையால் நன்மை அப்பம் வாங்குகிறார்கள். யாருக்குப் போடச் சொல்ல நான் யார்? இன்றைக்கு நல்லவருக்குச் சொன்னால், நாளைக்கு வேறொருவர் வந்து கேட்பார்.

அம்மா பெயரை வாசிக்கிறேன். பூசை கொடுப்பவர்கள் பெயரை வாசிக்க மாட்டேன். ரொட்டியை நீ மட்டும் நின்று கொடு. மாமா வாசலில் நிற்க வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே அக்கா.

தம்பி,
இன்னாசி

*

குருசுக்குப்பம்
30.4.2006, ஞாயிறு மாலை

மரியாதைக்குரிய பங்குச்சாமி அவர்களுக்கு,

தோத்திரம்.

ரொட்டியை மாமாவின் மேசை விளக்குச் சின்னம் போட்ட காகிதத்தில் சுற்றியிருந்தது எனக்குத் தெரியாது. பேக்கரியிலிருந்து கூடைகள் நேராகக் கோயிலுக்கு வந்தன. அது அவர் வேலை. அதற்காக வீட்டில் நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். ஆனால் நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கூடைகளை உள்ளே வைத்துப் பூட்டினீர்கள், சரி. அம்மா என்ன பாவம் செய்தாள்?

மூன்று ஆன்மாக்களின் பெயரை வாசித்தீர்கள். நான்காவதாக வரும், வரும் என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தேன். ரெஜினம்மாள் என்ற பெயர் வரவே இல்லை. உங்களைக் குருமடத்தில் சேர்க்க வெள்ளைக்காரத் தெருவில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தவள் பெயர் உங்கள் வாயில் வரவில்லை!

பூசை முடிந்து வெறுங்கையோடு வாசலில் நின்றேன். "என்ன மதலேன், இந்த வருசம் ரொட்டி இல்லையா?" என்று வருசா வருசம் வாங்குகிற ஆயம்மா கேட்டாள். என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
மதலேன் எதுவார்

*

பங்குச்சாமி பங்களா
2.5.2006

அக்கா,

பங்குச்சாமி அவர்களுக்கு என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் வாசிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பூசைக்கு மணி அடித்த பிறகுதான் காகிதத்தைப் பார்த்தேன். அதற்குள் பாதிப் பேர் கூடையைப் பார்த்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அம்மா பெயரை வாசித்திருந்தால் அதுவும் அந்தக் காகிதத்தில் சுற்றியதுபோல் ஆகியிருக்கும். பயந்துவிட்டேன். பூசையை அவளுக்காகத்தான் வைத்தேன், மனசுக்குள் பெயரைச் சொன்னேன். உனக்குக் கேட்டிருக்காது, தெரியும்.

கூடைகளைப் பூட்டியதற்கு வருந்தவில்லை. அம்மா பெயரை விட்டது மட்டும் மனசை அறுக்கிறது. ஓட்டு முடிந்ததும் நானே வீட்டுக்கு வருகிறேன். மாமா திட்டினால் திட்டட்டும்.

இன்னாசி

*

குருசுக்குப்பம்
14.5.2006

சேசு மரி சூசை

தம்பி இன்னாசிக்கு,

மாமா தோற்றது உனக்குத் தெரிந்திருக்கும். முடிவு வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நீ வாயை மூடிக்கொண்டதையும் ஜனங்கள் ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். "சொந்த மச்சானுக்கே சாமியார் வாயைத் தெறக்கல, ஏதோ விசயம் இருக்கு" என்று கன்னியப்பன் டீக்கடையில் பேசினார்களாம். பேசினாலும் வம்பு, பேசாவிட்டாலும் வம்பு. உன் நிலைமை எனக்கு இப்போதுதான் புரிகிறது. அதனால் ஆத்திரம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

"இனிமே அந்தக் கோயில் படி மிதிக்கக் கூடாது" என்றார் மாமா. வரப்போகிற மழைக்கு எங்கள் வீடு நிற்குமோ என்னவோ, அந்தக் கவலையில் இருக்கிற மனுசனிடம் என்ன பேச? இன்று காலை பஸ் ஏறி வேறு பங்குக்குப் போய் அம்மாவுக்குப் பூசை கொடுத்தேன். அந்தச் சாமிக்கு நம்மை யாரென்றே தெரியாது. ரெஜினம்மாள் என்று சத்தமாக வாசித்தார். அழுதுவிட்டேன்.

ஓட்டு முடியும்வரை நீ என்னை வராதே என்றாய். இப்போது நான் சொல்கிறேன், இங்கே வராதே. எவ்வளவு நாள் என்று எனக்கும் தெரியாது.

உபதேசியாரிடம் ஒரு ரொட்டி கொடுத்தனுப்புகிறேன். அம்மா பூசையில் மந்திரித்தது. வெறும் வெள்ளைக் காகிதத்தில்தான் சுற்றியிருக்கிறேன், பயப்படாமல் பிரி.

அக்கா