பாசிக்குள் இருந்த இரும்பு

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் பேனா பிடித்தவன். வரி மேலே ஏறினால் அலையில் எழுதியது என்று நினைத்துக்கொள். ஆனாலும் முழுப் பக்கமும் நானே எழுதுகிறேன்! தெருவில் ஒரு கடைப் பலகைகூட விடாமல் படித்துக்கொண்டே நடக்கிறேன். முடி வெட்டுகிறவர், "பெரியவரே, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து படிங்க" என்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் ஆய்வுக்கூடத்துப் படகு வேலையிலிருந்து என்னை நிறுத்தியபோது கொடுத்த தாளை நேற்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் கைநாட்டு வைத்த தாள். "வயசாயிடுச்சு, ஓய்வு எடுத்துக்கிறேன்னு எழுதியிருக்குப்பா" என்று நீதான் வாசித்துக் காட்டினாய். அதில் ஓய்வு என்ற சொல்லே இல்லை. 'நீர் எடுக்கும் குப்பியை விதியை மீறி இரும்புச் சங்கிலியில் கட்டி இறக்கினேன்' என்று இருக்கிறது.

அடிப்பாவி! கட்டச் சொன்னது யார்? கண்ணுக்குத் தெரியாத கடல்பாசியை ஒவ்வொன்றாக எக்ஸ்ரே கதிரில் வைத்து, அதனுள் எவ்வளவு இரும்பு, எவ்வளவு பாஸ்பரஸ் என்று அளக்கிறவள் நீ. குப்பியின் கயிறு அறுந்த அன்று, "துருப்பிடிச்ச சங்கிலிம்மா, வேணாம்" என்றேன். "ஒண்ணும் ஆகாது, இறக்குங்கப்பா" என்றாய்.

பதில் போடு.

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அப்புறம்தான் படித்தேன்.

சங்கிலியின் துரு பாசிமேல் ஒட்டியிருந்தது. அதைப் பாசிக்கு உள்ளே இருக்கும் இரும்பு என்று நான் எண்ணிவிட்டேன், கட்டுரையும் வெளிவந்துவிட்டது. வேறோர் ஆய்வுக்கூடத்தார் அளந்து பார்த்துக் கேள்வி கேட்டார்கள், விசாரணை வந்தது. என் தவறு என்று சொல்லியிருந்தால் ஒன்பது வருடப் படிப்பும் வேலையும் போயிருக்கும். உங்களுக்கு எப்படியும் ஓய்வு பெறும் வயது. யாரிடமும் சொல்லாதீர்கள். நான் ஊருக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்வோம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 18

மகளுக்கு,

நேரில் பேச்சு வேண்டாம். வாய்ப்பேச்சை நம்பித்தான் கட்டைவிரலை மையில் வைத்தேன். எழுது.

என் வயதை எனக்கே சொல்லிக்காட்டுகிறாய். கரைப்பக்கம் போனால் மற்றப் படகுக்காரர்கள், "வாங்க துரு அண்ணே" என்பார்கள். ஏதோ பட்டப்பெயர் என்று இரண்டு வருடமாக நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. முப்பது வருடம் குப்பியைக் கைக்குழந்தைபோல் கழுவி இறக்கியவன் நான். இந்தத் தாளில் ஓட்டை விழுந்திருக்கிறதே, அந்த வரியை எழுதும்போது பேனா குத்திய இடம்.

ஆய்வுக்கூடத் தலைவருக்குக் கடிதம் தொடங்கிவிட்டேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரை வந்திருக்கிறேன். என் வேகத்துக்கு அதை முடிக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் நீயே அவருக்கு உண்மையை எழுதி அனுப்பினால் என்னுடையதைக் கிழித்துவிடுகிறேன்.

உனக்கு அடுத்த புதன்கிழமை எப்படியும் எழுதுவேன். திட்ட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, எழுத்துக்கூட்டத்தான் நேரமாகிறது.

அப்பா